லீவு லெட்டருக்குப் பதில் ஆன்டிபயாடிக்கா?

ஞாயிறு இரவு பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, நெற்றி சுடுகிறது. காலையில் கணக்கு டெஸ்ட். நாம் ஃப்ரிட்ஜைத் திறந்து, போன மாதம் மீந்த அமாக்சிசிலின் சிரப்பைத் தேடுகிறோம். இல்லாவிட்டால் பழைய சீட்டோடு தெருமுனை மெடிக்கலுக்கு ஓடுகிறோம். அவசரம் காய்ச்சலுக்கா, டெஸ்ட்டுக்கா?

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அமாக்சிசிலின் பாக்டீரியாவைத்தான் கொல்லும். பாக்டீரியாவால் வரும் காதுத் தொற்று, தொண்டைத் தொற்று, நிமோனியாவுக்கு நல்ல மருந்து. மூக்குச்சளிக்கு வெறும் தண்டம். தானாக இறங்கும் காய்ச்சலையும் நாம் மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

"வெறும் சளிதான். ரெண்டு மூணு நாள் ஓய்வு கொடுங்க" என்கிறார் டாக்டர். நமக்கு முகம் சுருங்குகிறது. "ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க டாக்டர், லீவு போட முடியாது." பக்கத்தில் மூக்கை உறிஞ்சியபடி குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உடம்பு முடியாமல் படுப்பதும் குற்றம் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பது நாம்தானே?

தேவைப்பட்டு எழுதிக் கொடுக்கும்போதாவது ஒழுங்காகக் கொடுக்கிறோமா? இந்த சிரப் பொடியாக வரும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்தபின் லேபிளில் போட்டிருக்கும் நாட்கள் வரைதான் தாங்கும். அநேகமாக ஒரு வாரம். அப்படியென்றால் போன மாதத்துப் பாட்டிலில் என்ன இருக்கிறது? அளவும் எடையைப் பார்த்து எழுதுவது. அண்ணனுக்கு எழுதியது தம்பிக்கு ஆகாது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, கூட வரும் அளவுமூடியில் ஊற்றுவோம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் "போதும், வயிறு கெட்டுவிடும்" என்று நிறுத்துவதும் நாம்தான். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். குறைந்த அளவு மருந்தில் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார். அமாக்சிசிலினும் அந்தக் குடும்பம்தான். முன்பு பெனிசிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொடுத்தபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

அடுத்த முறை டாக்டர் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றால் பேரம் பேசாமல் கிளம்புவோம். பிள்ளையைத் தூங்க விட்டு, பள்ளிக்கு ஒரு லீவு லெட்டர் எழுதுவோம்.