உயிர்ச் சான்று

பேரப்பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று நாம் புலம்பாத நாளில்லை. போன வாரம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நான்கு கிழவர்கள் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். பேசி முடித்ததும் நான்கு பேரும் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் குனிந்துவிட்டோம். அரை மணி நேரம் ஓடிற்று. எதிரே கடல் இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போது ஒருவர் கேட்டார்: "நேத்து அனுப்பின வீடியோவைப் பார்த்தீங்களா?" கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம்!

பேரனுக்காவது பள்ளிக்கூடம், டியூஷன், பரீட்சை என்று நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. காலையில் ரோஜாப்பூ போட்டு வணக்கம், பத்து மணிக்கு நாட்டு மருந்து, மதியம் அரசியல் சண்டை, இரவு வேறொரு பூ. இதற்கு "தொடர்பில் இருக்கிறோம்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்தத் தொடர்பின் லட்சணத்தைச் சொல்கிறேன். என்னோடு 30 ஆண்டுகள் அடுத்த மேசையில் வேலை பார்த்த நண்பர், என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறார். தினமும் நான் பூ அனுப்புவேன். அவர் கட்டைவிரல் போடுவார். சௌக்கியமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். மனுஷன் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம். எட்டு மாதமாகிறதாம்.

"அப்போ தினமும் எனக்குப் பதில் போட்டது?" என்றேன்.

அவருடைய பேத்தி, பள்ளிக்கூடச் சீருடையில் நின்றவள், சொன்னாள்: "நான்தான் தாத்தா. நீங்க அனுப்பிட்டே இருந்தீங்க, பதில் போடலைன்னா வருத்தப்படுவீங்கன்னு போட்டேன்."

நண்பருக்குப் பேச்சு குழறியது. இருந்தாலும் கேட்டது தெளிவாகவே காதில் விழுந்தது: "பத்திரிகை வைக்கத்தான் வந்தியாப்பா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாம் குறை சொல்லும் தலைமுறைக்கு என் மனம் நோகுமே என்ற நினைப்பு இருந்தது. எனக்கு மூன்று தெரு நடக்கத் தோன்றவில்லை.

ஓய்வூதியம் வாங்கும் நாம் ஆண்டுக்கொருமுறை உயிர்ச் சான்று கொடுக்கிறோம். இப்போது அதைக்கூடச் செல்போனில் முகத்தைக் காட்டி முடித்துவிடலாம். அரசாங்கத்துக்கு அது போதும். நட்புக்குப் போதாது. குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் சொல்கிறேன்: ரோஜாப்பூப் படம் செல்லத்தக்க ஆவணம் ஆகாது. ஆளே நேரில் வர வேண்டும்.

"பிள்ளை பாரீசில் இருக்கிறான், செல்போன் இல்லாமல் எப்படி?" என்பீர்கள். நியாயம். என் மகனும் அங்கேதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் முகம் தெரிவது அந்தக் கண்ணாடியில்தான். கடல் தாண்டி இருப்பவனுக்கு அது வேண்டும். முத்தியால்பேட்டையில் இருப்பவனுக்கு எதற்கு?

"முட்டி வலி, எங்கே போவது?" என்பது அடுத்த சாக்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில், சாயங்காலம் மரத்தடியில் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் பெத்தாங்க் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முக்கால் கிலோ இரும்புக் குண்டு, எதிரே ஒரு சின்ன மரக்குண்டு. எந்தக் குண்டு கிட்டே நிற்கிறது என்று குச்சி வைத்து அளப்பார்கள், கத்துவார்கள், கடைசியில் சேர்ந்தே வீட்டுக்குப் போவார்கள். அந்த ஆட்டம் பிறந்த கதை தெரியுமா? தெற்கு பிரான்சில், மார்செய் பக்கம் லா சியோத்தா என்ற ஊரில் ழூல் லெநுவார் என்பவருக்கு வாதம் வந்து ஓடி எறிய முடியாமல் போயிற்று. அவருக்காக, நின்ற இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி எறியலாம் என்று விதியையே மாற்றினார்கள். காலை ஊன்றி நிற்பது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். முட்டி வலிக்காரனை வீட்டுக்கு அனுப்பாமல், அவனுக்காக ஆட்டத்தை மாற்றிய நண்பர்கள்! நம் ஊரில் இன்னமும் அதை ஆடுகிறார்கள். போய் நில்லுங்கள். 13 புள்ளி எடுப்பதற்குள் நான்கு பேரோடு சண்டை போட்டிருப்பீர்கள், முகம் பார்த்து.

ஆட்டம் பிடிக்காவிட்டால் தொட்டியில் கீரை விதையுங்கள். விளைந்ததை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். பதினொரு பெயர். வாரத்துக்கு இரண்டு வீடு. போய் வந்தால் தேதி போட்டு இனிஷியல். முதல் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் போகிறேன். நான் செய்தித்தாள் படிக்கிறேன். அவர் இடது கையால் சீட்டுப் போடுகிறார், ஏமாற்றுகிறார்.

இதையும் நீங்கள் செல்போனில்தான் படிக்கிறீர்கள் என்று தெரியும். தயவுசெய்து கட்டைவிரல் போடாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.