ஏழை சொல் அம்பலம் ஏற...

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்றார்கள் நம் முன்னோர். அது அவர்கள் வகுத்த நீதியல்ல. பட்ட பாட்டின் பதிவு. அம்பலம் ஏற வழக்கறிஞர் வேண்டும்; வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும்; பணம் இருப்பவன் ஏழையாக இருப்பானேன்? இந்தச் சுழலிலே சிக்கித்தான் உழைப்பாளி கூலியை இழந்தான், குரலையும் இழந்தான்.

சுழலை உடைக்கச் சட்டம் வந்தது. பொருள் இல்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலே 39ஏ பிரிவு சேர்ந்தது. விசாரணையே முடியாமல் ஆண்டுக்கணக்கில் பீகார்ச் சிறைகளில் வாடியவர்களின் வழக்கிலே, 1979இல், இலவசச் சட்ட உதவி வாழ்வுரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிறந்தது. நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9! ஏட்டிலிருந்து நாட்டுக்கு வர எட்டு ஆண்டுகள்! சீமான்களுக்கான சட்டமாயிருந்தால் இத்தனை காலம் உறங்கியிருக்குமா?

தாமதமாக வந்தாலும் வந்தது வந்ததுதான். அதன் 12ஆம் பிரிவைத் தோழர்கள் நெஞ்சிலே பதித்துக்கொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளியும் அதிலே இருக்கிறார். இவர்கள் வருமானக் கணக்குக் காட்டத் தேவையில்லை. மற்றவர்களுக்கு மட்டுமே வருமான வரம்பு. வேலை நீக்கமா, கூலி பாக்கியா, விபத்துக்கு இழப்பீடா? மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வட்ட அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணிலே பேசலாம். வழக்கறிஞருக்கும் நீதிமன்றக் கட்டணத்துக்கும் பொறுப்பு அரசுடையது. இது பிச்சையல்ல, உரிமை!

உள்ளூர்த் தொழிலாளிக்கு இந்தக் கதவு. கடல் கடந்து போகிறவனுக்கு?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர்க் காட்டுக்கும் நம்மவரைக் கங்காணி அழைத்துப் போன காலம் ஒன்று இருந்தது. இன்று கங்காணி இல்லை, ஏஜெண்ட் இருக்கிறார். கப்பல் இல்லை, விமானம் இருக்கிறது. ஆனால் புரியாத மொழியிலே எழுதிய தாளில் கையெழுத்துப் போடும் கொடுமை மாறியதா? இங்கே ஒரு சம்பளம் சொல்கிறார்கள். அங்கே இறங்கியதும் வேறொரு தாளை நீட்டுகிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியிலே. கடன் பத்திரம் வட்டிக்காரனின் பெட்டியிலே. இரண்டுக்கும் நடுவிலே நம் தோழன்!

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் என்ன சொன்னது? பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக்கூடாது என்றது; மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்றது. ஆம், இரண்டாயிரம்! ஏமாந்தவன் இழப்பதோ வீடும் நிலமும்! பதிவு பெற்ற ஏஜெண்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. விதியை அறிந்தவன் ரசீது கேட்பான். அறியாதவன் தாலியை அடகு வைப்பான்.

அயல்நாட்டிலும் வழி அடியோடு அடைபடவில்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைப்பதை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் கத்தார் தண்டனைக்குரியதாக்கியது. சம்பளத் தகராறுகளைத் தீர்க்க 2018இல் அங்கே தனிக் குழுக்கள் அமைந்தன. துபாயிலே இந்தியத் தொழிலாளருக்கான உதவி மையம் 2010இல் திறக்கப்பட்டது. சட்ட ஆலோசனை அங்கே இலவசம். துயருற்றோருக்கு உதவ, 2009இல் இந்தியத் தூதரகங்களிலே நல நிதி ஏற்பட்டது. தொடக்கநிலைச் சட்ட உதவிக்கும் அதிலே இடமுண்டு.

இத்தனையும் இருந்தும் ஏன் இந்த அவலம்? உதவி எல்லாம் வீடு எரிந்த பிறகு வரும் தண்ணீராக இருப்பதால்தான்! கையெழுத்துப் போட்ட பின், பணம் கட்டிய பின், பாலைவனத்திலே நின்ற பின் கிடைக்கும் ஆலோசனை ஆறுதல் தரலாம். இழந்ததையெல்லாம் மீட்டுத் தராது. வழக்கறிஞர் தேவைப்படும் நேரம், பேனாவைத் திறப்பதற்கு முந்தைய நேரம்!

1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2019, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் வரைவுகள் வெளியாயின. எது நிறைவேறினாலும் நாம் கேட்பது ஒன்றே: புறப்படுமுன் ஒவ்வொரு தொழிலாளியின் ஒப்பந்தத்தையும் அவன் தாய்மொழியிலே படித்துக் காட்டி, விளக்கி, ஆலோசனை சொல்ல அரசின் செலவிலே வழக்கறிஞர் ஒருவர் வேண்டும்.

அதுவரை கைகட்டி இருப்பதா? கூடாது. கிளைதோறும் படிப்பகத்திலே 15100 என்ற எண்ணை எழுதி மாட்டுங்கள். வெளிநாடு போகும் தம்பி வந்தால் வாழ்த்துவதற்கு முன்னே ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள், நகல் ஒன்றை வீட்டிலே வைக்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் ஆணைக்குழுவுக்கு அவனைத் தனியே அனுப்பாதீர்கள், உடன் செல்லுங்கள்.

தனியாய்ப் போன ஏழையின் சொல்தான் அம்பலம் ஏறாமல் திரும்பியது. துணையோடு போகட்டும், தோழர்களே, ஏறும்!