பீட் பெண்களின் கருப்பையும் பெரியாரின் பெயரும்

மகாராஷ்டிரத்துக் கரும்புக் காட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். அந்த ஜோடிக்கு 'கோய்தா' என்று பெயர். மராத்தியில் கோய்தா என்றால் அரிவாள். இரண்டு பேர் உழைப்பு, ஒரே அரிவாள் கணக்கு. முகாதம் எனப்படும் மேஸ்திரி சீசனுக்கு முன்பே கொடுக்கும் அட்வான்ஸ் இந்த ஜோடிக்குத்தான். அது போய்ச் சேர்வது பெரும்பாலும் கணவன் கையில். இருவரில் ஒருவர் ஒரு நாள் வராவிட்டாலும் அபராதம். அந்த அபராதத்துக்கு 'காடா' என்று தனிப்பெயரே இருக்கிறது. 500 ரூபாய், சில இடங்களில் அதற்கும் மேல். காய்ச்சல் என்றாலும் காடாதான், மாதவிடாய் என்றாலும் காடாதான்.

மராத்வாடாவின் பீட் மாவட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் வாக்கில் லட்சக்கணக்கானோர் இப்படி ஜோடி ஜோடியாகக் கிளம்புகிறார்கள். மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய், ஐந்தாறு மாதம் கரும்பு வெட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். தலித்துகள், பஞ்சாராக்கள், வஞ்சாரிகள், மழை பொய்த்து நிலம் கைகொடுக்காத சிறு விவசாயிகள் என்று பல சாதியினரும் இதில் உண்டு. சர்க்கரை ஆலைகளின் இயக்குநர் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வயலோரப் பிளாஸ்டிக் கூடாரத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் சாதிப் படிநிலை விளங்கிவிடும். அந்தக் கூடாரத்தில் கழிப்பறை இல்லை, குளிக்க மறைவிடம் இல்லை. விடியுமுன் எழுந்து கரும்பு வெட்டி, கட்டுக் கட்டித் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுவது பெண்ணின் வேலை. நிறைமாதத்திலும் சுமக்கிறாள். பிள்ளை பெற்ற சில நாளில் மறுபடி வயலுக்கு வருகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே வருகிறாள்.

2019 ஏப்ரலில் ஓர் ஆங்கில நாளேட்டில் வந்த செய்திதான் இந்தப் பெண்களை நாட்டுக்குக் காட்டியது. பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்களில் ஏராளமானோருக்குக் கருப்பை இல்லை என்றது அந்தச் செய்தி. மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு குழு அமைத்தது. 82,309 பெண்களிடம் கணக்கெடுத்ததில் 13,861 பேர் கருப்பையை அகற்றியிருந்தார்கள். நூற்றுக்குப் பதினேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது சுமார் 3 சதவீதம்.

இதைப் பற்றி ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது இளம் தோழர் ஒருவர் கேட்டார்: "பெரியாரே கர்ப்பப்பையை எடுத்தெறியச் சொன்னார்தானே? இதை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்?" கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையான குழப்பத்தில்தான் கேட்டார். அங்கே இருந்த பெரியவர்கள் (நானும்தான்) அன்று உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. 'அது வேறு, இது வேறு' என்று கடந்துவிட்டோம். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றிய கட்டுரையை எடுத்துப் படியுங்கள். மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரிக்கும் காரணங்களிலிருந்து தம் காரணத்தைப் பெரியார் பிரித்துக் காட்டுகிறார். தேசத்தின் வறுமை, குடும்பச் சொத்து, பெண்ணின் உடல்நலம் என்று மற்றவர்கள் பேசுகிறார்கள். அவர் பேசுவது பெண்ணின் விடுதலையை. பிள்ளை வேண்டுமா, வேண்டாமா என்கிற முடிவு அவள் கையில் இருந்தால்தான் அவள் சுயேச்சையாக வாழ முடியும் என்பது வாதம். பீட் மாவட்டத்தில் அந்த முடிவு யார் கையில் இருக்கிறது? முகாதத்தின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மாதத்தில் மூன்று நாள் வலி வந்தால் காடா விழும், அட்வான்ஸ் கடன் அடுத்த சீசனுக்கும் நீளும். கடனுக்குப் பயந்து ஒருத்தி தன் உறுப்பை இழப்பதற்குப் பெரியார் பெயரைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

இதே மகாராஷ்டிரத்தில் 1938-ல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்குத் தர வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் கேட்டுத் தோற்றது. கருத்தடை கேட்டவர்கள் நாம்தான். கருத்தடை வேறு, கருப்பை அகற்றுவது வேறு என்பதையும் நாம்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

கருப்பையை எப்போது எடுக்கலாம்? புற்றுநோய், பெரிய நார்க்கட்டிகள், அடியிறக்கம், வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத உதிரப்போக்கு போன்றவற்றுக்கு அது முறையான சிகிச்சை. பல பெண்களின் உயிரை அது காப்பாற்றியிருக்கிறது. அறுவை சிகிச்சையே சதி என்று பேசுகிற கூட்டத்தோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பீட் பெண்களில் பலர் மருத்துவரிடம் போனது வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, ஒழுங்கற்ற மாதவிடாய் போன்ற தொந்தரவுகளுக்காக. தண்ணீரும் மறைவிடமும் இல்லாமல் ஒரே துணியோடு நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவளுக்குத் தொற்று வராமல் என்ன செய்யும்? இவற்றில் பெரும்பாலானவை மாத்திரையில் தீரக்கூடியவை. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். 'விட்டால் கேன்சர் ஆகிவிடும்' என்கிறார்கள். இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு என்கிறார்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் செலவு. அந்தப் பணத்தையும் பலர் முகாதத்திடமே கடன் வாங்குகிறார்கள். கடன் வாங்கினால் அடுத்த சீசனுக்குப் போயே ஆக வேண்டும். வயலில் வந்த நோய்க்கு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில் வந்த கடனுக்கு மறுபடி வயல்.

அறுவைக்குப் பின் என்ன ஆகிறது? கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சட்டென்று நின்றுபோகும். முப்பது வயதில் ஐம்பது வயதின் உடல் வந்துவிடும். எலும்பு தேயும், இதய நோய் அபாயம் கூடும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்கும் காலம் முந்திவர வாய்ப்பு உண்டு. இது எப்படித் தெரியும்? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மயோ கிளினிக் ஆய்வாளர்கள் 1950-க்கும் 1987-க்கும் இடையில் சினைப்பை அகற்றப்பட்ட பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்து, ஈஸ்ட்ரோஜன் மருந்தும் எடுத்துக்கொள்ளாத பெண்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே இறந்தார்கள் என்று 2006-ல் எழுதினார்கள். அங்கே ஒரு மாவட்டத்துப் பெண்களின் உடம்பை அரை நூற்றாண்டு காலம் ஏடு போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் கருப்பை அகற்றல் பற்றிக் கேள்வி நுழைந்ததே 2015-16 சுற்றில்தான். எப்போது, எங்கே, எதற்கு எடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேட்பதில்லை. தன் வயிற்றிலிருந்து என்னென்ன எடுத்தார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கே பல நேரம் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். சம்மதப் படிவத்தில் கைநாட்டு இருக்கும்.

மருத்துவ ஆராய்ச்சிக்கும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடலுக்கும் உள்ள உறவு நெடுங்காலமாக இப்படித்தான் இருக்கிறது. 1845-லிருந்து 1849 வரை அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பேறுகாலக் கிழிசலால் சிறுநீர் கட்டுப்படாமல் ஒழுகும் நோய்க்கு அறுவை முறை கண்டுபிடித்தார். யார் மீது செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்? அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள் மீது. அனார்கா, லூசி, பெட்சி என்று மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை அறுவை. 1846-ல் ஈதர் மயக்க மருந்து வெளியுலகுக்கு அறிமுகமான பிறகும் அந்தப் பெண்களுக்கு அது தரப்படவில்லை. அவர்களை அடிமையாக வைத்திருந்தவர் சம்மதித்தால் போதும், அவர்களின் சம்மதம் சட்டப்படி தேவையே இல்லை. அந்த அறுவை முறை பிறகு உலகெங்கும் எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. சிம்ஸுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில்தான், போராட்டங்களுக்குப் பின், அதைச் சென்ட்ரல் பூங்காவிலிருந்து எடுத்தார்கள்.

ஜோதிராவ் புலே 1873-ல் தம் 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இனத்தையும் சாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வை நமக்கு வேண்டும், வேறுபாட்டோடு சேர்த்தே. அனார்காவின் உடலில் கத்தி வைத்தவர் தம் அறுவைகளைப் பற்றி எழுதி வைத்தார். பிழையிலிருந்து கற்றார். பீட் பெண்ணின் உடலில் கத்தி வைத்தவர் பில்லைத் தவிர எதையும் குறித்து வைக்கவில்லை. அவளிடமிருந்து மருத்துவம் எதையும் கற்றுக்கொள்ளக்கூட இல்லை. இரண்டில் எது மேல் என்று நான் ஒப்பிட வரவில்லை. கேள்வி கேட்காமல் கத்தி வைக்கக்கூடிய உடல் என்று ஒன்றை ஒவ்வொரு சமூகமும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறது, இங்கே அந்த ஒதுக்கீட்டைச் செய்வது சாதி.

பீட் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 2008-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய சுவஸ்திய பீமா திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் காப்பீடு இருந்தது. நோய்த்தொற்றுக்கு மாத்திரை எழுதினால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் தேறாது, கருப்பையை எடுத்தால் தேறும். 2012-ல் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தேவையில்லாமல் கருப்பை எடுத்த ஊழல் வெடித்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே மருத்துவர் ஒரே நாளில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். அந்தக் கருத்தடை முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் பெண்களுக்காக மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும், மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றது. உங்கள் மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டுப் பாருங்கள். போராட்டம் என்றால் எப்போதும் தெருவில் நிற்பது மட்டுமல்ல.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வடக்கைப் பார்த்து உச்சுக்கொட்டுவதும் நமக்கு எளிது. 2019-ல் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம், திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் விசாரித்தது. மாதவிடாய் வலி என்றால் விடுப்புக்குப் பதிலாகப் பெயர் எழுதாத மாத்திரை கொடுத்து மிஷினுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார்கள் அவர்கள். அங்கே கத்தி, இங்கே மாத்திரை. உற்பத்தி நிற்கக் கூடாது என்பதுதான் இரண்டு இடத்திலும் கவலை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2019-21 கணக்கெடுப்பின்படி, பெரியார் பிறந்த இந்த மண்ணில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம். ஆண்கள் 0.1 சதவீதம். ஆணுக்கான அறுவை அதைவிடச் சிறியது, எளியது. இந்தக் கட்டுரையைப் பகிரப் போகும் ஆண் தோழர்கள் அந்த எண்ணை இன்னொரு தரம் படிக்கவும்.

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்டமுன்வடிவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்றார். அந்தச் செலவில் முதலாளிக்கும் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். மறு ஆண்டு அது சட்டமானது. கிட்டத்தட்ட நூறாண்டு ஆகப்போகிறது. பீட் பெண்ணுக்கு அந்த ஓய்வு இன்னும் வந்து சேரவில்லை. காரணம் எளிது. ஆலைக்கு அவள் தொழிலாளி இல்லை, முகாதம் கூட்டிவந்த ஆள். முகாதத்துக்கோ அவள் ஆள்கூட இல்லை, அரிவாளில் பாதி.

அதனால் கருப்பையைக் காப்பாற்றுவதற்கான முதல் கோரிக்கை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கவில்லை. கோய்தா கணக்கை ஒழி, பெண்ணைத் தனித் தொழிலாளியாகப் பதிவு செய், கூலியை அவள் பெயரில் கொடு, காடாவைச் சட்டவிரோதமாக்கு, ஆலையை முதலாளி என்று எழுது, வயலோரம் தண்ணீரும் கழிப்பறையும் ஆலை செலவில் கட்டு. அதற்குப் பிறகுதான் தனியார் மருத்துவமனைத் தணிக்கை, சாதிவாரியான அறுவைக் கணக்கு, அந்த 13,861 பேரின் எலும்பையும் இதயத்தையும் இனி ஆண்டுதோறும் பரிசோதித்துப் பதிந்து வைக்கும் ஓர் ஆய்வு. அந்த ஆய்வின் முடிவுகள் மராத்தியில், அந்தப் பெண்களின் கையில் முதலில் போய்ச் சேர வேண்டும்.