ஓர் அங்குல மனிதன்

போர் விமானத்தின் மாதிரியுருவைச் செய்வது வெறும் சிறுவர் விளையாட்டு என்று பலர் எண்ணுவர். நம் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலருக்கு அது விளையாட்டாகத் தோன்றுவதில்லை. 1980களிலும் 1990களிலும் விமான இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் அவர்கள். அந்தப் பொல்லாத பொருளுக்கு வீட்டில் இடம் எதற்கு என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. ஒரு விமானத்தை எடுத்துச் செய்து பார்த்து, அதற்கு விடை காண்போம்.

நாம் எடுத்துக்கொள்வது ஹரிக்கேன். 1935ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் முதன்முதல் பறந்த பிரித்தானிய விமானம் இது. 1942 ஏப்பிரில் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்து எழுந்தவை ஹரிக்கேன்கள். 9ஆம் நாள் திருகோணமலைக்காகச் சீனன்குடாவிலிருந்து எழுந்தவையும் அவையே. நம் பலாலி விமானத்தளமும் அப்போர்க் காலத்திலே பிரித்தானிய விமானப் படையினர் அமைத்ததாகும்.

மாதிரிகளில் பெரிதும் வழங்கும் அளவு 72இல் 1. அதாவது, ஆறடி ஓர் அங்குலமாகும். நாற்பதடி அகன்ற ஹரிக்கேன் இறக்கை, ஆறேமுக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடும். இவ்வளவில் 1 மில்லிமீற்றர் தடித்துத் திரண்ட வண்ணம், மெய்யான விமானத்தில் 7 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டிக்குச் சமம். ஆகவே வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சுக் காய்ந்த பின்னரே மறு பூச்சுப் பூசுதல் வேண்டும்.

பட்டம் கட்டிப் பழகிய கைகளுக்கு ஹரிக்கேனின் பின்னுடல் புதிதன்று. உலோகக் குழாய்ச் சட்டத்தைச் சுற்றி நீண்ட மரச் சலாகைகளை அமைத்து, மேலே துணியை இறுகப் போர்த்தினர். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களிலும் சலாகையின்மேல் தாள் போர்த்தும் அம்முறையையே காண்கிறோம். சலாகைகளுக்கிடையே துணி சற்றே அமிழ்ந்து வரிவரியாகத் தெரியும். அவ்வரிகளை அரத்தாளால் தேய்த்து அழித்துவிடலாகாது.

அடுத்து, எந்த நாளின் விமானம் என்று தீர்மானித்தல் வேண்டும். 1942 ஏப்பிரிலில் பிரித்தானிய வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானியரின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். நண்பனைப் பகைவனென்று மயங்கிச் சுடும் ஆபத்தை நீக்க, பின்னர் இப்பகுதி விமானங்களில் அச்சிவப்பை அகற்றினர். ஒரு புள்ளிச் சிவப்பில் ஓர் உயிர் தங்கியிருந்தது!

இறக்கையின் முன்விளிம்பிலுள்ள துப்பாக்கித் துளைகளையும் காண்க. ஈரமும் தூசியும் புகாதவாறு அவற்றைச் செந்துணித் துண்டுகளால் ஒட்டி மூடினர். முதல் வேட்டிலேயே அவை கிழிந்துபோகும். துண்டுகள் முழுமையாக இருந்தால் விமானம் இன்னும் போரிடவில்லை. கிழிந்து புகைக் கறை படிந்திருந்தால் போரிட்டு மீண்டது. எதைச் செய்யப் போகிறோம் என்பதை அறிந்தே தூரிகையை எடுத்தல் நன்று.

இறுதியாக, விமானியின் இருக்கை. ஆறடி உயர்ந்த மனிதன் இம்மாதிரியில் எழுந்து நின்றால் ஓர் அங்குலமே இருப்பான். அவ்விருக்கையில் அமர்ந்தோர் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அந்த ஈஸ்டர் ஞாயிறன்று எழுந்தவருள் பலர் மீளவில்லை.

அதே அளவில், கீழே முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் மூன்றடிக் குழந்தை அரை அங்குலம். பொம்மை விமானத்தில் இவ்விருவருக்கும் இடமில்லை. அளவு பிசகாமல் செய்யும் மாணவனோ இருவரையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். மேலே அந்த ஓர் அங்குலத்தையும் கீழே இந்த அரை அங்குலத்தையும் ஒருங்கே நினைக்கக் கற்ற பிள்ளை செய்த விமானமாயின், அதற்கு நம் வீட்டு மேசையில் இடம் கொடுக்கலாம் என்பதே நம் கருத்து.