இசையும் குடக்கூலியும்

2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் அங்காடியைத் திறந்து, ஒரு பாடலை 99 சென்ட்டுக்கு விற்றது. மக்கள் இசையைச் சொந்தமாக்கிக்கொள்ளவே விரும்புவர் என்பது அன்றைய வாதம். இன்று மாதச் சந்தா கட்டிக் கேட்பதே வழக்கமாகிவிட்டது. வாதம் தோற்றதென்று நாம் கருதவில்லை.

அன்று விற்கப்பட்டதும் முழு உடைமை அன்று. பூட்டிய கோப்புகள் அவை. சாவி விற்றவரிடமே இருந்தது. 2008இல் யாஹூ தன் இசைக் கடையை மூடியபோது உரிமம் வழங்கும் கணினிகளும் நின்றன. காசு கொடுத்து வாங்கிய பாடல்களைப் புதிய கணினிக்கு மாற்ற இயலாமல் போயிற்று. ஐடியூன்ஸ் பாடல்கள் அனைத்தின் பூட்டும் கழன்றது 2009இல்தான்.

வாடகையின் நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. அறியாத இசையைத் தேடிச் சுவைக்க இதனினும் மலிவான வழியில்லை. ஆனால் 2022 ஜனவரியில் நீல் யங் தம் பாடல்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார். அவை திரும்பியது 2024இல். இடைப்பட்ட காலத்திலும் அவருடைய ரசிகர் சந்தா கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கருவிக்கும் இதில் பங்குண்டு. மலிவு மடிக்கணினியில் கோப்பைக் காணலாம், நகலெடுக்கலாம். 2010இல் வந்த ஐபேடுக்கோ, கோப்புகளைக் கையாளும் செயலியை ஆப்பிள் 2017இல்தான் தந்தது. கேட்பதற்குப் பலகைக் கணினி இனிது. சேர்த்து வைக்க மடிக்கணினியே துணை.

ஆகவே, அறிமுகத்துக்கு வாடகை போதும். திரும்பத் திரும்ப நாடும் இசையைப் பூட்டில்லாக் கோப்பாக வாங்கி, இரண்டு நகல்கள் எடுத்து வைப்பதே நன்று. சந்தா நின்ற மறுநாளே மறைந்துபோவதைச் சேகரம் என்று எங்ஙனம் சொல்வது?