சுவரில் மாட்டிய கல்வி

காலி வீதி வழியே வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை நோக்கிச் செல்பவர் பல் வைத்திய நிலையங்கள் பலவற்றின் பெயர்ப்பலகைகளைக் கடந்தே செல்வர். அந்நிலையங்களுள் நுழைந்து காத்திருப்போரின் கண்ணில் முதலிற் படுவது சுவர். அங்கே பேராதனைப் பட்டச் சான்றிதழ் பழுப்பேறித் தொங்கும். அண்மைக் காலத்தில் அதன் அருகே பளபளப்பான தாளில் அச்சிட்ட வேறு சில சான்றிதழ்களும் இடம்பிடித்துள்ளன. இணையவழிக் கருத்தரங்குகளிற் பங்குபற்றியமைக்காக வழங்கப்பட்டவை அவை. முன்னதைப் பெற ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. பின்னதைப் பெற ஒரு மாலைப்பொழுது போதும். அம்மாலைப்பொழுதிலும் கணினித்திரையை இயக்கிவிட்டு அடுத்த அறையிற் பல் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்துவிடும்.

இதனைக் கல்வி என்று அழைப்பதா என்பதே வினா. இவ்வினாவை எழுப்பினால் இரு தரப்பார் சினங் கொள்கின்றனர். ஒரு தரப்பார், காலம் மாறிவிட்டது, 2020 மார்ச்சில் நோய்த்தொற்று நாட்டையே முடக்கியபோது பல்கலைக்கழகங்களைக் காத்தது இணையமே, இனி எல்லாம் அவ்வழியே நடக்கட்டும் என்பர். மறுதரப்பார், பல் வைத்தியம் கைத்திறன், திரையைப் பார்த்து நீச்சல் பழக முடியுமா என்று கேட்டு விவாதத்தை முடித்துவிடுவர். இரு கூற்றும் சோம்பலின் வெவ்வேறு உருவங்கள். முன்னையது எளிய வழியை முன்னேற்றம் என்கிறது. பின்னையது கல்லாமையை அனுபவம் என்கிறது.

பின்னையதை முதலில் நோக்குவோர் ஒன்றை மறத்தலாகாது. பல் வைத்தியரின் வேலையில் கை செய்வது பாதி. கண் காண்பதும் மதி தீர்மானிப்பதும் மற்றப் பாதி. 1995இற் பட்டம் பெற்று வெளியேறிய ஒருவரை எடுத்துக்கொள்க. இருதய வால்வு நோயுள்ள எவருக்கும் பல் பிடுங்குமுன் அமொக்சிசிலின் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர் படித்திருப்பார். 2007இல் அமெரிக்க இருதயச் சங்கம் அவ்விதியை மிகவும் சுருக்கி, செயற்கை வால்வு பொருத்தியோர் போன்ற உயர் ஆபத்து நிலையினர்க்கு மட்டும் என வரையறுத்தது. 2008இல் பிரித்தானிய வழிகாட்டல் அதனினும் ஒருபடி மேற்சென்று, அவ்வழக்கத்தையே கைவிடுமாறு கூறியது. 2016இல் அக்கூற்றைச் சற்றுத் தளர்த்தியது. எலும்புத்தேய்வுக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் பிஸ்பொஸ்பனேற்று மருந்துகளை உட்கொள்வோர்க்குப் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாது அழுகக்கூடும் என்பதை அமெரிக்க அறுவை வைத்தியர் மார்க்ஸ் 2003இலேயே உலகுக்கு அறிவித்தார். 1995இன் பாடநூலில் அதுபற்றி ஒரு வரியும் இருந்திருக்க முடியாது. துளையிடாமலே சொத்தையின் பரவலைத் தடுக்கவல்ல வெள்ளி டயமைன் புளோரைட்டு 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. இரசக் கலவை நிரப்பலைப் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கும் கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் தவிர்க்குமாறு மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022இல் தீர்மானித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதனைப் பெரும்பாலும் விலக்கிவிட்டது.

இவற்றுள் எதற்கும் கையின் திறன் மாற வேண்டியதில்லை. மாற வேண்டியது அறிவு. திரையில் நீச்சல் பழக முடியாதென்பது மெய்யே. ஆனால் ஆற்றிற் சுழி எங்கே இடம் மாறியிருக்கிறது என்பதைத் திரையில் அறியலாம்; அதை அறியாத நீச்சல்காரனே முதலில் மூழ்குகிறான்.

அனுபவம் தானே ஆசான் என்னும் வாதமும் ஆய்வின் முன் நிற்பதில்லை. வைத்தியரின் சேவைக்கால நீட்சிக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 62 மதிப்பீடுகளைத் தொகுத்து 2005இல் அமெரிக்க உள்மருத்துவ இதழொன்று வெளியிட்டது. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை, ஆண்டுகள் ஏற ஏறத் தரம் இறங்குவதையே காட்டின. அது பொது வைத்தியர்களைப் பற்றியது என்று பல் வைத்தியர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்குவதற்கான காரணத்தையும் அவரே கூற வேண்டும். 2008இல் வெளிவந்த மற்றொரு பெருந்தொகுப்பாய்வு, சுகாதாரத் தொழிலாளருக்கு இணையவழியிற் கற்பித்தல் எதுவுமே கற்பியாமையினும் மிகுந்த பயனுடையது என்றும், வழமையான வகுப்பறைக் கற்பித்தலோடு ஒப்பிடுகையிற் பெரிய வேறுபாடு இல்லை என்றும் கண்டது. ஆகவே ஊடகத்தின் மீது பழி சுமத்துதல் வீண். நல்ல ஆசிரியன் திரையிலும் கற்பிப்பான். கெட்ட ஆசிரியன் கரும்பலகை முன்னும் உறங்க வைப்பான்.

இங்கே பணயமாக இருப்பது எவருடைய தொழிற்பெருமையும் அன்று. இலங்கை ஆண்களிடையே பதிவாகும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்து வருகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கும் கூடிய பழக்கமே அதன் தாய்வேர். புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் தருவதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தன் அறிக்கையில் அறுதியிட்டது. இந்நோய் திடீரென வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படலமாகவோ செம்படலமாகவோ, அன்றி வாய் திறக்க இயலாதவாறு இறுகும் தசைநாராகவோ, தன் வருகையை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வருகிறது. அவ்வறிவிப்பைப் படிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. விளக்கும் கண்ணாடியும் பயின்ற கண்ணும் போதும்.

அக்கண்ணைப் பயிற்றுவது இயலாத காரியமும் அன்று. கிராமங்களிற் பணிபுரியும் ஆரம்ப சுகாதார ஊழியரைக் குறுகிய காலப் பயிற்சியளித்து வாய்ப்புற்றுநோயையும் அதன் முன்னிலைகளையும் கண்டறியச் செய்யலாம் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வொன்றே உலகுக்கு எடுத்துக்காட்டியது. அது 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. பட்டம் பெறாத ஊழியர் செய்து காட்டியதைப் பட்டம் பெற்றவர் செய்யத் தவறுவாராயின், குறை பட்டத்தில் இல்லை. பட்டத்துக்குப் பின் வந்த வெறுமையில் இருக்கிறது. கடைவாய்ப்பல் கொதிக்கிறது என்று வந்தவரின் பல்லை மட்டும் பார்த்து, அதற்கு இரண்டு விரற்கடை அப்பாலிருந்த படலத்தைப் பாராது அனுப்பிவிட்டால், அவர் அடுத்த முறை வருவது பல் வைத்தியரிடம் அன்று, மகரகமைக்கு.

இனி முன்னைய தரப்பாரிடம் வருவோம். இணையவழிக் கல்வி வேண்டும் என்பதில் அவர்களோடு பிணக்கில்லை. இன்று அப்பெயரில் நடப்பது எது என்பதில்தான் பிணக்கு. அழைப்பிதழின் அடியிற் பற்பசை வணிகரின் சின்னமோ செயற்கைப்பல் வேர் விற்பவரின் சின்னமோ பொறித்திருக்கும். விரிவுரையாளர் அயல்நாட்டு விற்பன்னராக இருப்பார். பொருளோ, களுபோவிலையிலோ கொட்டாஞ்சேனையிலோ நூற்றில் ஒருவர்கூடக் காசு கொடுத்துச் செய்துகொள்ள இயலாத அலங்காரச் சிகிச்சையாக இருக்கும். இறுதியில் ஐந்து வினாக்கள். அவற்றுக்கான விடைகள் விரிவுரையின் கடைசிப் படவில்லையிலேயே காணப்படும். விற்பனையாளன் நடத்தும் பாடசாலையில் மாணவன் கற்பது வாங்குவதற்கே. வெற்றிலைப் படலத்தைப் பற்றிப் பேச எந்த வணிகரும் பணம் தருவதில்லை. ஏனெனில் அதைக் கண்டறிவதால் எதுவும் விற்பனையாவதில்லை. சந்தை தேர்ந்தெடுக்கும் பாடத்திட்டம் நோயாளியின் தேவையோடு ஒத்துப்போவது தற்செயல்.

மணிக்கணக்கை எண்ணி இக்கல்வியை அளக்கலாம் என்பது மற்றொரு மயக்கம். பிரித்தானியாவின் பொதுப் பல் மருத்துவப் பேரவை இவ்வழியில் முன்சென்றது. அங்கே 2002 முதல் ஐந்தாண்டுக்கு 250 மணி நேரம் என்று கட்டாய விதி இருந்தது. அதில் 75 மணி நேரத்துக்கே சான்று வேண்டும். 2018இல் அவ்விதி மாற்றப்பட்டு, பல் வைத்தியருக்கு 100 மணி நேரம், ஆனால் அனைத்துக்கும் சான்று, அத்தோடு எதைக் கற்க வேண்டும் எனத் தாமே வகுத்த திட்டமும் கற்றதால் என்ன மாறியது என்ற குறிப்பும் வேண்டும் என்றாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மணியை எண்ணிய நாடே எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தைக் கூட்ட முயன்றிருக்கும்போது, எண்ணத் தொடங்காத நாடு பழைய பிழையிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் என்ன?

இலங்கையிற் பதிவேட்டைப் பேணுவது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த இலங்கை மருத்துவ சபை. பட்டம் பெற்றவர் அதிற் பதியப்படுகிறார். அதன்பின் அவர் ஒரு நூலைத் திறந்தாரா என்பது நெடுங்காலமாக அவரவர் மனச்சாட்சிக்கே விடப்பட்டு வந்திருக்கிறது. மனச்சாட்சி உயர்ந்ததுதான், ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் காத்திருக்கும் இருபது நோயாளிகளோடு போட்டியிட்டு அது வெல்வதில்லை.

கட்டாயம் என்றவுடன் தொழிற்சுதந்திரம் பறிபோகிறது என்பர் சிலர். இந்நாட்டில் 1945 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. பேராதனையிற் பட்டம் பெற்ற பல் வைத்தியரின் கல்வியைத் தேயிலை கொழுந்து பறித்தவளும் நெல் விதைத்தவனும் தாங்கினர். அக்கடன் பட்டமளிப்பு மேடையிலேயே தீர்ந்துவிட்டது என்று கருதுவது வசதியான கணக்கு. அதே வேளை, கட்டாயம் என்று விதித்துவிட்டுக் கற்கும் செலவை வைத்தியரின் தலையிற் கட்டுவதும் நியாயமன்று. அவ்வாறு செய்தால் அவர் வணிகரின் இலவச விரிவுரைக்கே திரும்புவார். கட்டாயமும் இலவசமும் ஒன்றாகவே வர வேண்டும். பாடத்தை வகுப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பாக வேண்டும். தொலைவிலிருந்து கற்பித்தல் இந்நாட்டுக்குப் புதிதன்று. திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் அதனைச் செய்து வருகிறது. அதே ஆண்டிற் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவகமும் இருக்கிறது. இல்லாதது இவற்றைக் கோத்து எடுக்கும் எண்ணமே.

தொலைவு என்பதையும் சற்று ஆராய வேண்டும். முல்லைத்தீவிலும் மொனராகலையிலும் உள்ள வைத்தியருக்கே இணையம் தேவை, கொழும்பிலுள்ளோர்க்குத் தேவையில்லை என்று ஒரு பேச்சு உண்டு. களுபோவிலையிற் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பயில்வது அங்கேதான். காலி வீதியிலிருந்து அதை அடையச் சில நிமிடங்களே போதும். ஆயினும் காலி வீதியிற் தனியாகத் தொழில் செய்யும் ஒரு பல் வைத்தியர், தாம் அனுப்பிய நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று அறிய அதன் வாசலை மிதிக்க வேண்டிய சந்தர்ப்பம் அவரது தொழில்வாழ்வில் எழுவதேயில்லை. மைல்களாற் பிரிந்திருப்பவரைவிட மதில்களாற் பிரிந்திருப்பவரே அதிகம். மெய்யான இணையவழிக் கல்வி அம்மதிலில் ஒரு கதவாக அமையலாம்: வாரந்தோறும் ஒரு நோயாளியின் வரலாறு, பெயரும் முகமும் மறைக்கப்பட்டு, வாயின் படத்தோடு முன்வைக்கப்படும், வைத்தியர்கள் தத்தம் முடிவை எழுதுவர், திசுப்பரிசோதனையின் முடிவு அடுத்த வாரம் வரும், தவறியவர் ஏன் தவறினார் என்று விவாதிக்கப்படும். கைப்பயிற்சி வேண்டிய பகுதிக்கு ஆண்டில் இரு நாட்கள் அருகிலுள்ள போதனா வைத்தியசாலைக்கு வரட்டும். இதற்கு அயல்நாட்டு விற்பன்னர் வேண்டா. பளபளப்பான தாளும் வேண்டா.

மொழியைப் பற்றிப் பேசாது விடுவது தமிழ்ச் சங்கத்து இதழுக்கு அழகன்று. பல் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. அதன் தொடர்கல்வியும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. நோயாளியோ ஆங்கிலத்தில் நோவதில்லை. யாழ்ப்பாணத்தவர் பல்லுக்கொதி என்பார், முரசு வீக்கம் என்பார். மலையகத்தவர் வேறு சொல்லாற் குறிப்பார். வாய் எரிகிறது, காரம் தாங்கவில்லை என்று ஒரு முதியவர் சொல்லும்போது, அது வாயின் உட்தசை இறுகுவதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும் என்று பிடித்துக்கொள்ளும் செவி பாடநூலில் வளர்வதில்லை. சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கப் பாதிரி வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் மேலைமருத்துவத்தைப் போதித்தார். காலப்போக்கிற் போதனையைத் தமிழுக்கே மாற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர்தம் கலைச்சொற்கள் சிலவற்றை இன்று படிப்போர் புன்னகைக்கலாம். ஆயினும் வைத்தியன் தான் சிகிச்சை செய்யும் ஊரின் மொழியிற் சிந்திக்க வேண்டும் என்னும் அவரது துணிவைப் பார்த்துப் புன்னகைக்க முடியாது. அச்சுக்கோத்து அவர் செய்ததை, ஒலிப்பதிவும் படமும் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் செய்யாதிருப்பதற்குப் பொருட்குறை காரணமன்று.

பொருளாதாரம் சரிந்த வேளையில் இவையெல்லாம் ஆடம்பரம் என்னும் மறுப்பு எஞ்சியிருக்கிறது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியரின் புலப்பெயர்வும் அதனைத் தொடர்ந்தன. அத்தகைய நாட்டில் நேரலை விரிவுரைகளை நம்பியிருப்பது பேதைமை என்பது உண்மை. அதனாலேதான் பாடங்கள் சிறியனவாக, தரவிறக்கி வைத்துக் கைத்தொலைபேசியிற் பார்க்கத்தக்கனவாக அமைய வேண்டும். மருந்தில்லாத காலத்தில் வைத்தியர் கையில் எஞ்சுவது அறிவு ஒன்றே. அனுபவமிக்க பல் வைத்தியர் ஒருவர் நாட்டை விட்டுச் செல்லும்போது அவர் இருந்த நாற்காலியில் அமரும் இளையவருக்கு, எட்ட முடியாத பேராசிரியரும் திறக்க முடியாத நூலகமும் அல்லாமல் வேறு துணை எதுவென்று இம்மறுப்பைக் கூறுவோர் முதலில் விடையளிக்கட்டும். வெண்படலத்தோடு வரும் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறவர் அந்த இளையவரே.