கட்டுமானத் தளத்தில் விபத்து: யார் பணம் கொடுப்பது? குத்தகையாளர் காப்புறுதி பற்றி அறிய வேண்டியவை

2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பெரிய பள்ளம் ஏற்பட்டது. கார் ஒன்று உள்ளே விழுந்தது. பக்கத்துத் தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு வீசி, காரில் இருந்த பெண்ணை மேலே இழுத்தார்கள். அந்தக் காணொளி உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும்.

ஊழியர்களின் துணிச்சலைப் பற்றி எல்லாரும் பேசினோம். இதுபோன்ற சம்பவங்களில் அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. கட்டுமானத் தளத்திலோ அதன் அருகிலோ ஏதாவது நடந்தால், செலவு யார் தலையில் விழும்?

பதில், குத்தகையாளர் முன்கூட்டியே என்ன காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரே ஒரு காப்புறுதி எல்லாவற்றுக்கும் போதாது. வெவ்வேறு ஆபத்துகளுக்கு வெவ்வேறு காப்புறுதி தேவை.

1. ஊழியருக்குக் காயம் ஏற்பட்டால்?

இதற்குத்தான் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், சுருக்கமாக 'விக்கா'. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லா ஊழியர்களுக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இந்தக் காப்புறுதியை எடுத்தே ஆகவேண்டும். அலுவலக வேலை போன்ற மற்ற வேலைகளில், மாதம் 2,600 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதிப்போருக்கு அது கட்டாயம். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தில் 'யார் தப்பு?' என்ற கேள்வியே கிடையாது. வேலையால் காயம் ஏற்பட்டது என்றால் போதும், ஊழியர் வழக்கறிஞர் இல்லாமலேயே இழப்பீடு கோரலாம். தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு அது இப்படி:

- மரணம்: 91,000 முதல் 269,000 வெள்ளி வரை
- முழுமையான நிரந்தர உடற்குறை: 116,000 முதல் 346,000 வெள்ளி வரை
- மருத்துவச் செலவு: 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை

மருத்துவ விடுப்பில் இருக்கும் காலத்துக்கும் சம்பளம் உண்டு. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். வேலை போய்விட்டாலும், வேலை அனுமதி ரத்தாகிவிட்டாலும் அந்த உரிமை போகாது. 'முதலாளியிடம் கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்' என்று பயந்து காயத்தை மறைக்கும் ஊழியர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவருக்குச் சொல்லுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2024இல் சிங்கப்பூரில் வேலையிடங்களில் 43 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 20 பேர் கட்டுமானத் துறையைச் சேர்ந்தவர்கள். கிட்டத்தட்டப் பாதி.

2. வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய் வந்தால்?

விக்கா இங்கே உதவாது. தங்கும் விடுதியில் மாரடைப்பு வந்தால், அது வேறு கணக்கு. அதற்காகத்தான் வேலை அனுமதியில் இருப்போருக்கு முதலாளி தனியாக மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். முன்பு அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளி. 2023 ஜூலையிலிருந்து 60,000 வெள்ளி. முதல் 15,000 வெள்ளிக்கு மேல் போனால், காப்புறுதி நிறுவனம் 75 விழுக்காட்டையும் முதலாளி 25 விழுக்காட்டையும் ஏற்க வேண்டும்.

ஒரு பெரிய அறுவை சிகிச்சையின் கட்டணம் சிறிய குத்தகையாளரின் தொழிலையே ஆட்டிவிடும். வரம்பை உயர்த்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. மூன்றாம் தரப்புக்குச் சேதம் வந்தால்?

சாரத்திலிருந்து விழுந்த இரும்புக்குழாய் நடந்து போனவர் மேல் படுகிறது. சுவரை உடைக்கும்போது தண்ணீர்க் குழாயும் சேர்ந்து உடைந்து, கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது. பாதிக்கப்பட்டவர் ஊழியர் இல்லை, அதனால் விக்கா வராது. இங்கே கைகொடுப்பது பொதுப் பொறுப்புக் காப்புறுதி.

பெரிய திட்டங்களில் பெரும்பாலும் 'எல்லா ஆபத்துக் காப்புறுதி' எடுக்கப்படும். அதில் இரண்டு பகுதி. ஒன்று, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் ஏற்படும் சேதம். மற்றொன்று, மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் பாதிப்பு.

பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 'எல்லா ஆபத்து' என்று இருந்தாலும், எல்லாமே அடங்காது. தவறான வடிவமைப்பைச் சரிசெய்யும் செலவு, நாள்பட்ட தேய்மானம், வேலை தாமதமானதால் வரும் நட்டம் ஆகியவை பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். பாதுகாப்பு விதிகளை மீறியதற்கு விதிக்கப்படும் அபராதத்தையும் காப்புறுதி கட்டாது.

யார் இடையில் சிக்குகிறார்?

முதன்மைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே துணைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர். கட்டுமானத் துறை இப்படித்தான் ஓடுகிறது. இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் தனியாளாக வேலை எடுத்துச் செய்யும் மின்சாரப் பணியாளரோ, ஓடு பதிப்பவரோ.

அவர் யாருக்கும் 'ஊழியர்' இல்லை. எனவே விக்கா அவரைப் பாதுகாக்காது. கிராப் போன்ற தளங்கள்வழி வேலை செய்வோருக்கு 2025 ஜனவரியிலிருந்து வேலைக் காய இழப்பீடு கிடைக்கிறது. ஆனால் ஏணியிலிருந்து விழும் சுயதொழில் ஓடு பதிப்பவருக்கு அது இல்லை. சொந்தமாகத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்திருந்தால்தான் உண்டு. உங்கள் அப்பாவோ மாமாவோ இப்படி வேலை செய்பவராக இருந்தால், இன்று இரவு சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள்: "உங்களுக்கு என்ன காப்புறுதி இருக்கு?"

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிடிஓ வீட்டுச் சாவி கையில் வந்ததும் நீங்கள் தேடப்போகும் முதல் ஆள், புதுப்பிப்புக் குத்தகையாளர். ஒருவர் மற்றவரைவிட 5,000 வெள்ளி குறைவாகச் சொன்னால் மனம் அங்கேதான் போகும். எதை விட்டுவிட்டு அந்த 5,000 வெள்ளி குறைந்தது என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன்:

- வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா?
- விக்கா, பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழ்களைக் காட்டுவாரா? அவை எந்தத் தேதி வரை செல்லும்? தொகை எவ்வளவு?
- வேலையைத் துணைக் குத்தகையாளரிடம் கொடுத்தால், அவருக்கும் காப்புறுதி உண்டா?
- முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா? கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள் திவாலாகிவிட்டால், முன்பணத்தைப் பாதுகாக்கும் உத்தரவாதப் பத்திரம் இருக்கும்.

இன்னொன்று. வீவக தீக்காப்புறுதி இருப்பதால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வீவக முதலில் கட்டிக்கொடுத்த அமைப்புகளை மட்டுமே அது பாதுகாக்கும். நீங்கள் செய்த புதுப்பிப்பும் வாங்கிய அறைகலன்களும் அதில் சேராது.

சிறு குத்தகையாளர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊழியர் தீர்வை, தங்குமிடம், பொருள் விலை என்று எல்லாம் ஏறுகிறது. காப்புறுதிக் கட்டணம் அதற்கு மேல் இன்னொரு சுமை. ஆகக் குறைந்த விலை சொல்பவருக்கே வேலை என்றால், ஒழுங்காகக் காப்புறுதி எடுத்தவர்தான் போட்டியில் தோற்பார். வாடிக்கையாளர்கள் சான்றிதழைக் கேட்க ஆரம்பித்தால் அந்தக் கணக்கு மாறும். கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.